எங்கள் டவுன் அரசுப் பள்ளி எப்படிக் காலியானது?

"சிபாரிசு பிடித்து இடம் வாங்கிய பெரிய அரசு மேல்நிலைப் பள்ளிகள் இன்று பாதி காலியாகக் கிடப்பது ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் கடற்கரைக்காரன் நான். டவுனில் ஒரு பெரிய ஆண்கள் பள்ளியில் படித்தேன். பெயர் வேண்டாம்.

1991இல் ஆறாம் வகுப்பு சேர்ந்தபோது 'எச்' பிரிவு வரை இருந்தது. எனக்குக் கிடைத்தது அந்த 'எச்'தான். பாம்பனிலிருந்து ரயிலில் வருவார்கள், மண்டபம் முகாமிலிருந்து இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள். கரையோரத்துப் பிள்ளைகள் படிக்க டவுனுக்கு வருவது பழைய வழக்கம். ராமேஸ்வரத்துக் கலாம் ஐயாவே ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்து படித்தவர்தானே. மீன்பாடு நன்றாக இருக்கும் வாரத்தில் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். மறுநாள் வந்தால், "என்னடா, நண்டு நெறைய பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுக் கணக்கு வாத்தியார் விட்ட பாடத்தைத் திரும்ப நடத்துவார்.

வாத்தியார்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காததால்தான் பள்ளி விழுந்தது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் போனது நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். 2007இல் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு போய், பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கு என்று ஆனதும், விசைப்படகு வைத்திருந்தவர்களும் வளைகுடாப் பணம் வந்த வீட்டுக்காரர்களும் பையன்களை நாமக்கல் பக்கம் தனியார் பள்ளி ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருட்டினார்கள். எங்கள் பள்ளியில் இரண்டையும் நடத்தினார்கள். மதிப்பெண்ணில் யார் ஜெயிப்பார்கள்? பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்ததே 2018இல்தான்.

அப்புறம் அஸ்திவாரமே அரித்துப்போனது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்துக்கு அரசே கட்டணம் கட்டுகிறது. ஏழைப் பிள்ளைக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்கேஜியில் அங்கே போன பிள்ளை ஆறாம் வகுப்புக்கு ஏன் இங்கே வரப்போகிறது? அரசுப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு வந்து சேர்வதற்குள் தெருமுனையில் வேன் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டது.

வெளியில் பலருக்குத் தெரியாதது 'பணிநிரவல்'. ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் என்று எண்ணித்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிப்பார்கள். பிள்ளை குறைந்தால் ஒரு வாத்தியார் 'உபரி', வேறு ஊருக்குப் போவார். இயற்பியல் வாத்தியார் போன பள்ளியில் அடுத்த வருடம் யார் முதல் குரூப் சேர்வார்கள்? மறுபடி எண்ணிக்கை குறையும், மறுபடி ஒருவர் உபரி. என் பழைய 'எச்' வகுப்பறையில் இப்போது விலையில்லா சைக்கிள்கள் அடுக்கிக் கிடக்கின்றன.

2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டால் சில வீடுகளில் யோசனை மாறியிருக்கிறது. பெரிய பள்ளி பழையபடி நிரம்பும் அளவுக்கு இல்லை.

என்னோடு 'எச்' பிரிவில் படித்தவன் ஒருவன் இன்று அங்கேயே ஆசிரியர். போன ஜூலையில் சேர்க்கை நோட்டீஸோடு மீன் இறங்குதளத்தில் ஆள் ஆளாகப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் மகனை வேனில் ஏற்றிவிட நின்றிருந்தேன். என்னிடம் வந்தவன், பையன் கழுத்திலிருந்த டையைப் பார்த்தான். "நல்லா இருக்கியாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நோட்டீஸை நீட்டாமலே அடுத்த ஆளிடம் போய்விட்டான்.