பச்சைக்கு அடியில் நீலம்

கேள்வி: அப்பா 1974-ல் வாங்கிய பஜாஜ் சேத்தக் வீட்டில் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டுக்கு அடித்த பச்சை பெயின்ட் மிச்சமிருக்கிறதே என்று சித்தப்பா பிரஷ்ஷாலேயே ஸ்கூட்டருக்கும் ஒரு கோட் போட்டுவிட்டார். இப்போது லெக் ஷீல்டில் (காலுக்கு முன்னால் இருக்கும் தகட்டில்) ஒரு இடத்தில் பச்சை உரிந்து அடியில் இளநீலம் தெரிகிறது. பச்சையை மட்டும் எடுத்து நீலத்தைக் காப்பாற்ற முடியுமா? பெயின்ட் ரிமூவர் வாங்கி வைத்திருக்கிறேன். (வாசகர், கரூர்)

பதில்: அந்த ரிமூவர் டப்பாவை முதலில் பரணில் ஏற்றுங்கள். அதற்குப் பச்சை, நீலம் என்ற பேதமெல்லாம் கிடையாது, தகடு வரைக்கும் போய்த்தான் நிற்கும். உறவினர் ஒருவரின் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் மட்கார்டில் நானே அதைத் தடவிவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள், அடியில் இருந்த பழைய பெயின்ட்டும் சேர்ந்து கூழாகிக் கிடந்தது. அவர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

உங்கள் சித்தப்பா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், தெரியாமல்தான். எமரி போட்டுத் தேய்க்காமல், பளபளப்பின் மேலேயே அடித்திருக்கிறார் போலிருக்கிறது, அதனால்தான் உரிகிறது. பிடிமானம் இல்லாத பெயின்ட்டை எடுப்பது சுலபம். தொழிற்சாலையில் சூளையில் சுட்ட பெயின்ட் கெட்டியானது, காற்றில் காய்ந்த கேட் பெயின்ட் அந்த அளவு இறுகுவதில்லை. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் முழு வேலையும். ஆனால் அடியில் இருப்பது டூக்கோவாக (சூளையில் சுடாமல் காற்றிலேயே காயும் பழைய லாக்கர் பெயின்ட்) இருந்தால் கதை வேறு. டூக்கோ எத்தனை வருடம் ஆனாலும் தின்னர் பட்டதும் கரையும். எனவே சீட்டைத் தூக்கி, கண்ணில் படாத ஒரு மூலையில் பஞ்சில் தின்னரை நனைத்து நீலத்தின் மேல் பத்து விநாடி வைத்துப் பாருங்கள். பஞ்சில் நீலம் இறங்கினால் தின்னர் பக்கமே போகாதீர்கள். இடப்பக்க டூல் பாக்ஸையும் திறந்து பாருங்கள், பிரஷ் அங்கெல்லாம் போயிருக்காது, அசல் நிறம் வெயில் படாமல் அப்படியே இருக்கும்.

அதற்கு முன் ஒரு காந்தத்தை பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். எங்கே பிடிப்பு தளர்கிறதோ அங்கே பட்டி போட்டிருக்கிறார்கள், அடியில் நீலத்தைத் தேடிப் பிரயோஜனமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு உள்ளங்கை அளவு இடம் மட்டும். சோப்புத் தண்ணீரை விட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டைச் சாய்த்துப் பிடித்து, உரிந்த விளிம்பிலிருந்து மெல்லத் தள்ளுங்கள். முடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பச்சை தோல் மாதிரி சுருண்டு வரும். வராத இடத்துக்கு மட்டும் தின்னர்: வெள்ளை பனியன் வேஸ்ட்டை நனைத்து அரை நிமிடம் வைத்து, ஒரே திசையில் ஒரு இழுப்பு, உடனே ஈரத் துணியால் துடைப்பு. துணியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், பச்சை வரும் வரை போகலாம், நீலச் சாயை தெரிந்த அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். கடைசியாக ஒட்டிக் கிடக்கும் மெல்லிய பச்சைக்கு 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்), நிறையத் தண்ணீரோடு, பிறகு ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை. பானட் (பக்கவாட்டு மூடி) மடிப்பு, லெக் ஷீல்டு விளிம்பு போன்ற முனைகளில் அசல் பெயின்ட்டே மெல்லியதாகத்தான் இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிடுங்கள், தேய்க்க வேண்டாம். பின்விளக்குக் கண்ணாடி பிளாஸ்டிக், தின்னர் பட்டால் மங்கிவிடும், கழற்றி வைத்துவிடுங்கள்.

உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, தூசி நுரையீரலுக்குள் போகும். கையுறையும் முகமூடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கங்கே துரு தெரியும், கீறலும் தெரியும். துருவைச் சுத்தம் செய்து மெழுகு பூசுங்கள், அதன் மேல் கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: பெயின்டரோ, எல்லாவற்றையும் சுரண்டி புதுசாக அடித்துத் தருகிறேன், ஷோரூம் மாதிரி இருக்கும் என்கிறார். அப்புறம் ஆர்.சி. புத்தகத்தில் நீலம் என்றுதான் இருக்கிறது, ஏதாவது பிரச்சினையா? (அதே வாசகர்)

பதில்: புது பெயின்ட் எந்த நாளும் அடிக்கலாம், 1974-ல் அடித்ததை இன்னொரு தடவை அடிக்க முடியாது. பெயின்டருக்கு வேறு வண்டியைக் கொடுங்கள். ஆர்.சி.யில் நீலம் என்றிருந்தால் பச்சையோடு ஓடிய இருபது வருடம்தான் பிரச்சினை, இனி அது தீர்ந்தது. 50 வயது தாண்டி அசல் வடிவத்தில் இருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு எண் வாங்கலாம். ஆனால் அதை எடுத்தால் கண்காட்சி, பழைய வண்டிகளின் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு என்று மட்டும்தான் ரோட்டில் இறங்க முடியும். தினமும் சந்தைக்குப் போகிற வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.