நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்

கேள்வி: கொழும்பு கோட்டையில் இறக்குமதி நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். என்னோடு வேலை செய்பவர் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுபவர். நானோ சிறு சொல்லையும் மனதில் வைத்துக் குமைபவள். சுங்க ஆவணங்கள் பிந்தினால் யாருடைய பிழை என்று ஓயாத பிணக்கு. முகாமையாளர் நல்ல மனிதர். ஆனால் எதைச் சொன்னாலும் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார். முன்பிருந்தவர் கண்டிப்பானவர், அவர் காலத்தில் சண்டையே இருக்கவில்லை. குறை என் சுபாவத்திலா?

– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சுபாவத்துக்கு இதில் பங்குண்டு. எளிதில் பதற்றமடைபவருக்குச் சக ஊழியரின் சுருக்கமான மின்னஞ்சலும் அவமதிப்பாகத் தோன்றும். விட்டுக்கொடுத்துப் பழகாதவருக்கு அது வெறும் வேலைப் பேச்சு. ஆயினும் உங்கள் பிணக்கு வாய்த்துடுக்கில் தொடங்கவில்லை, ஆவணத்துக்கு யார் பொறுப்பு என்பதில் தொடங்கியிருக்கிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் முகாமையாளர்.

அவர் நல்லவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலையிடாமல் ஒதுங்கும் தலைமை நடுநிலையானதன்று. நோர்வேயில் உளவியல் ஆய்வாளர் ஸ்கொக்ஸ்டாட்டும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய தலைமையின் கீழ் பொறுப்புத் தெளிவின்மையும் ஊழியர்களுக்கிடையிலான பிணக்கும் கூடுதலாகக் காணப்படுவதையும், அவற்றின் வழியே பணியிடக் கொடுமைப்படுத்தல் வரை தொடர்பு நீள்வதையும் காட்டியது. விட்டுவிட்ட இடத்தைக் குரல் பெரிதாக உள்ளவர் பிடித்துக்கொள்கிறார். உங்களைப் போன்றவர் இரவில் தூக்கமிழக்கிறார்.

பழைய முகாமையாளரை எண்ணி ஏங்கவும் வேண்டாம். உளவியலாளர் குர்ட் லெவினும் சகாக்களும் 1939இல் வெளியிட்ட சிறுவர் குழு ஆய்வில், அதிகாரத் தலைமையின் கீழ் அடங்கியிருந்த பிள்ளைகள், தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் முரட்டுத்தனம் காட்டினார்கள். உங்கள் அலுவலகத்தின் அன்றைய அமைதியும் அந்த வகையானதாக இருந்திருக்கலாம்.

இனி முகாமையாளரிடம் சக ஊழியரைப் பற்றி முறையிடாதீர்கள். உடனே அவர் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார். அதற்குப் பதிலாக, விலைச்சிட்டையைச் சரிபார்ப்பவர் யார், சுங்கப் பத்திரத்தை இறுதியாகப் பார்ப்பவர் யார், ஒருவர் லீவில் நின்றால் அவருடைய வேலை யாரிடம் போகும் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். சக ஊழியருக்கும் பிரதி போகட்டும். பதில் வராவிட்டால், "நான் இவ்வாறு விளங்கிக்கொண்டு செய்கிறேன்" என்று நீங்களே பிரித்து எழுதி அனுப்புங்கள். மோதலை விரும்பாத அதிகாரிகள் பெரும்பாலும் அதை மறுக்க மாட்டார்கள்.

இது நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களம் வரை போகும் விடயமன்று. ஆனால் பிறர் முன்னிலையில் தொடர்ந்து இழிவாகப் பேசப்பட்டால், அந்த மின்னஞ்சல்களோடு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் முறையிடுங்கள்.