கொரியன்ஸ்பைஸ் வைபர்னம் நட்டு மூன்று ஆண்டாகியும் பூக்கவில்லையே, ஏன்?

நியூஜெர்சியில் வாசல் ஓரம் வைத்த செடிக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் கவாத்து செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பூ வராமல் போக அந்தக் கவாத்து ஒன்றே போதும்.

கிராம்பு மணப் பூக்கள் தரும் இந்தப் புதர்ச்செடி பழைய கிளையில் பூப்பது. ஏப்ரலில் விரியும் பூவுக்கு முந்தைய ஆண்டே கிளை நுனியில் மொட்டு கட்டிவிடும். இலை உதிர்ந்தபின் கிட்டப் போய்ப் பாருங்கள்: செதில் மூடாத, சாம்பல் சுணை படர்ந்த பொடிமொட்டுகள் சிறு கொத்தாக இருக்கும், இரு பக்கமும் சின்னஞ்சிறு இலை ஒட்டிக்கொண்டு நிற்கும். அக்டோபரில் உங்கள் கத்தரி வெட்டுவது அதைத்தான். பூ உதிர்ந்த மூன்று நான்கு வாரத்துக்குள் கவாத்தை முடித்துவிடுங்கள். வேலிச்செடி மாதிரி மேலே சமமாக மழிக்காமல், நீண்ட கிளையை அது பிரியும் இடத்தில் வெட்டுங்கள்.

அடுத்து, செடியின் அடியைப் பாருங்கள். பல நாற்றங்கால்களில் இதை வைபர்னம் லான்டானா என்ற வேறொரு வைபர்னம் இனத்தின் வேரில் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிரை விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் அதுவே செடியை அமுக்கிவிடும். லான்டானா இலை நீளமானது, தடித்துச் சுருக்கம் விழுந்தது, ஓரப் பல் நெருக்கமாகவும் பொடியாகவும் இருக்கும். பூவிலும் அந்தக் கிராம்பு மணம் கிடையாது. அத்தளிரைத் தரைமட்டத்தில் நறுக்கினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். இன்னொன்று வாங்கினால் சொந்த வேரில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் அதுவே நல்லது.

வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். புல்வெளிக்குப் போடும் நைட்ரஜன் உரம் வேர்ப்பக்கம் விழுந்தால் இலைதான் கொழிக்கும். லேசான அமிலத்தன்மையுள்ள, நீர் வடியும் மண் போதும்; களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மழை இல்லாத வாரம் ஓர் அங்குலம் தண்ணீர், வேர்ப்பக்க மண்ணின் மேல் தழை, மரச்சீவல் போன்றவற்றால் 2–3 அங்குல மூடாக்கு. மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது.

ஐந்தாறு அடி அகலம் விரியும், அதனால் புதுச்செடியைச் சுவரிலிருந்து நான்கடியாவது தள்ளி நடுங்கள். பழம் வேண்டுமென்றால் ஒரே ரகத்தில் இரண்டு வைத்துப் பயனில்லை, வேறு ரகம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்.