எல்எம்386 வச்சு வீட்டுலயே சின்ன ஆம்ப் கட்டுறவங்களுக்கு கேள்வி பதில்

எல்எம்386ங்கிற ஆம்ப்ளிஃபையர் ஐசி வச்சு, ஃபோன் பாட்ட ஸ்பீக்கர்ல கேக்க வைக்கிற சின்ன ஆம்ப் கட்டுறத பத்தி நெறய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன். 9 வோல்ட் சப்ளை, 8 ஓம் ஸ்பீக்கர்னு வச்சுக்கிட்டு பேசுறேன், வேற ஏதாவதுன்னா அங்கயே சொல்லிடுறேன்.

கேள்வி: அண்ணா, டிப்ளமோ படிக்கிறேன், மொத தடவ கட்டப்போறேன். என்னென்ன வாங்கணும், எப்படி கனெக்ட் பண்ணணும்?

பதில்: சாமான் கொஞ்சம்தான் தம்பி. ஐசி, அதுக்கு 8 பின் சாக்கெட், 10கே வால்யூம் கண்ட்ரோல், 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ரெண்டு, 104னு எழுதியிருக்கிற கெப்பாசிட்டர் (0.1 மைக்ரோ) ஒண்ணு, 473னு எழுதியிருக்கிறது (0.047 மைக்ரோ) ஒண்ணு, 10 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, ஸ்பீக்கர், பாகங்கள சொருகி சால்டர் பண்ற டாட் போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்னு இல்ல, எந்த ஊரு எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கும். வால்யூம் கண்ட்ரோல் வாங்கும்போது லாக் டைப்னு கேட்டு வாங்கு, லீனியர் போட்டா கொஞ்சம் திருப்புனதுமே சத்தம் முழுசா வந்த மாதிரி இருக்கும்.

ஐசிய பள்ளம் மேல வர்ற மாதிரி வச்சா எடது பக்கம் மேல இருக்கிறது 1, அப்படியே கீழ எறங்கி 4, வலது பக்கம் கீழ 5, மேல ஏறி 8. வால்யூம் கண்ட்ரோலோட நடுக்கால் 3க்கு போகணும், 2ம் 4ம் கிரவுண்டு, 6 பிளஸ் சப்ளை. 5லேர்ந்து ஒரு 220 வழியா ஸ்பீக்கர், அந்த கெப்பாசிட்டரோட பிளஸ் பக்கம் ஐசிய பாத்து இருக்கணும், ஏன்னா 5ஆம் பின்ல எப்பவும் சப்ளைல பாதி வோல்டேஜ் நிக்கும். அதே 5லேர்ந்து 473ம் 10 ஓமும் சீரிஸா, அதாவது ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா, கிரவுண்டுக்கு. இன்னொரு 220யும் 104ம் 6க்கும் 4க்கும் நடுவுல, ஐசிக்கு எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி. 1, 7, 8 இப்போதைக்கு சும்மா இருக்கட்டும்.

ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு முன்னாடி பவர் குடுத்து 5ஆம் பின்ன மல்டிமீட்டர்ல பாரு. 4.5 வோல்ட் பக்கத்துல இருந்தா தைரியமா மாட்டலாம். பூஜ்யமோ 9ஓ காட்டுனா உடனே ஆஃப் பண்ணிட்டு வயரிங்க மறுபடி பாரு.

கேள்வி: எல்லா வீடியோலயும் 1க்கும் 8க்கும் நடுவுல 10 மைக்ரோ போட சொல்றாங்க. போட்டேன், சத்தம் அதிகமாச்சு ஆனா ஒரே இரைச்சல், பாட்டும் உடையுது.

பதில்: எடுத்துடுங்க, அவ்வளவுதான். ஒண்ணும் போடாம விட்டா இந்த ஐசி 20 மடங்கு பெருக்கும், 10 மைக்ரோ போட்டா 200 மடங்கு. கணக்கு போட்டு பாருங்க, 9 வோல்ட்ல அவுட்புட் மேலயும் கீழயும் சுமாரா 3.3 வோல்ட் வரைக்கும்தான் போக முடியும், அத 20ஆல வகுத்தா 165 மில்லிவோல்ட். ஃபோன் அதவிட அதிகமாவே குடுக்கும். அப்போ 200 மடங்கு எதுக்கு, இரைச்சலும் சேந்து பத்து மடங்கு பெருசாகும், வேற ஒண்ணும் கிடைக்காது. மைக், கிட்டார் மாதிரி ரொம்ப சின்ன சிக்னலுக்குத்தான் அது தேவ. நடுத்தரமா 50 மடங்கு வேணும்னா 10 மைக்ரோவோட சீரிஸா 1.2கே ரெசிஸ்டர் ஒண்ணு போடுங்க.

கேள்வி: இது எத்தன வாட் ப்ரோ? என்கிட்ட 5 வாட் ஸ்பீக்கர் இருக்கு, பத்துமா?

பதில்: ஒரு வாட்டே கிடையாது. இந்த ஐசியிலயே பேர் கடைசியில என்-1, என்-3னு வகைங்க இருக்கு, என்-3 வகையில 9 வோல்ட்டுக்கு 700 மில்லிவாட், என்-1ல 6 வோல்ட்டுக்கு 325 மில்லிவாட். ஸ்பீக்கர்ல எழுதியிருக்கிற 5 வாட் அது தாங்குற அளவு, அவ்வளவு குடுத்தாதான் பாடும்னு அர்த்தம் இல்ல, தாராளமா மாட்டுங்க. வாட் பின்னாடி ஓடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன், பவர ரெண்டு மடங்கு ஆக்குனா கூட 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு லேசா கூடுன மாதிரி தெரியும். அதே ஸ்பீக்கர வெறும் மேசை மேல வச்சு கேக்காம ஒரு மரப்பெட்டியில ஓட்ட போட்டு இறுக்கமா மாட்டி கேளுங்க. வெறுமனே வச்சா முன்னாடி வர்ற பேஸ பின்னாடிலேர்ந்து வர்றது அடிச்சுடும், பெட்டி அத தடுக்கும். இன்னும் பேஸ் வேணும்னா அவுட்புட்ல இருக்கிற 220ஐ 1000 ஆக்குங்க. 220 போட்டா 90 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே கொறய ஆரம்பிச்சுடும், 1000 போட்டா அது 20க்கு எறங்கிடும்.

கேள்வி: கொஞ்ச நேரம் நல்லா பாடுது, அப்புறம் டுப் டுப் டுப்னு அடிக்குது. ஐசி போச்சா?

பதில்: ஐசி நல்லாத்தான் இருக்கு, பேட்டரி எறங்கிடுச்சு. பழசான பேட்டரிக்கு உள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறிடும், ஒவ்வொரு தடவ ஸ்பீக்கர் கரெண்ட் இழுக்கும்போதும் சப்ளை தொங்கும், அந்த ஆட்டம் இன்புட் வரைக்கும் போய் திரும்ப வரும். சப்ளைல 470 மைக்ரோ போடுங்க, 7ஆம் பின்லேர்ந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோ போடுங்க. அந்த சதுர 9 வோல்ட் பேட்டரிக்கு பதிலா ஆறு ஏஏ செல் போட்டீங்கன்னா அதே 9 வோல்ட்தான், ஆனா பல மடங்கு நேரம் தாங்கும்.

கேள்வி: சார், பேட்டரி வாங்கி கட்டுப்படி ஆகல. டிரான்ஸ்ஃபார்மர் போடலாமா, இல்ல ஃபோன் சார்ஜரே போதுமா? டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நேரா 230லேர்ந்து எடுக்கிற சர்க்யூட் ஒண்ணும் பாத்தேன், ரொம்ப சீப்பா இருக்கு.

பதில்: கடைசியா சொன்னீங்களே, அத தொடவே தொடாதீங்க சார். அதுல உங்க கிரவுண்டே கரெண்ட் லைனோட சேந்து இருக்கும், ஃபோன்லேர்ந்து பாட்டு கொண்டு வர்ற ஆக்ஸ் கேபிளோட வெளி உலோகம், கையில புடிச்சிருக்கிற ஃபோன், காதுல மாட்டுற ஹெட்ஃபோன் எல்லாமே லைவ். வீட்டுல கொழந்தைங்க இருக்கலாம். மிச்சமாகுற அம்பது நூறு ரூபாய்க்கு ஒரு உயிர பணயம் வைக்க வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், ஆனா 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்ல பிரிட்ஜும் (ஏசிய டிசி ஆக்குற நாலு டயோடு) கெப்பாசிட்டரும் போட்டு நேரா குடுத்துடாதீங்க. 9 வோல்ட் ஏசிங்கிறது கெப்பாசிட்டர்ல ஏறும்போது 11, லோடு இல்லாத நேரத்துல 13, 14 வரைக்கும் போகும், என்-1, என்-3 ரெண்டுக்கும் 12தான் மேல் எல்லை. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 7809ங்கிற 9 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி வழியா எறக்குங்க, ம்ம்னு வர்ற ஹம் சத்தமும் போயிடும். ஃபோன் சார்ஜர்லயும் 5 வோல்ட்ல ஓடும், சத்தம் கம்மியா இருக்கும். ஆனா அதே சார்ஜர்ல ஃபோனும் சார்ஜ் ஏறி, ஃபோன்லேர்ந்து ஆக்ஸும் வந்தா கிரவுண்டு ரெண்டு வழியா சுத்தி கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். சார்ஜிங் ஒயர கழட்டி பாருங்க, சத்தம் நின்னா காரணம் அதுதான்.

கேள்வி: ஃபோன்ல லெஃப்ட் ரைட் ரெண்டு இருக்கே, ரெண்டையும் முறுக்கி சேத்துடலாமா?

பதில்: வேண்டாம்மா, ஒரு அவுட்புட் இன்னொண்ண இழுக்கும். ரெண்டுலயும் தனித்தனியா 1கே ரெசிஸ்டர் போட்டு அதுக்கப்புறம் சேருங்க.

கேள்வி: பாட்டே போடாதப்ப ரேடியோ கேக்குது, ஐசியும் சுடுது.

பதில்: இன்புட் ஒயர் ஆன்டெனா மாதிரி வேல செய்யுது. ஷீல்டு ஒயர் போட்டு, 3ஆம் பின்லேர்ந்து கிரவுண்டுக்கு 470 பிகோ ஃபாரட் ஒண்ணு வைங்க. சூட்டுக்கு, காதுக்கு கேக்காத அதிர்வெண்ல ஐசி தானா ஆடிக்கிட்டு இருக்கும், அந்த 473, 10 ஓம் ஜோடிய விட்டுட்டீங்களான்னு பாருங்க, பல பேர் தேவையில்லன்னு விட்டுடுறாங்க. 4 ஓம் ஸ்பீக்கர் போட்டிருந்தாலும் சுடும். அப்புறம் கிரவுண்டு எல்லாத்தையும் ஒயர்ல வரிசையா கோக்காம ஒரே புள்ளிக்கு கொண்டு வாங்க, ஸ்பீக்கர் கரெண்ட் போற பாதையில இன்புட்டோட கிரவுண்டு இருக்கக்கூடாது.

கேள்வி: பிஏஎம்8403னு ஒரு ஆம்ப் போர்டு ரெடியாவே கிடைக்குது, ஸ்டீரியோ வேற. அப்புறம் எதுக்கு இது?

பதில்: பாட்டு கேக்க மட்டும்னா அது நல்ல போர்டுதான், வாங்கிக்கோங்க. ஆனா 5.5 வோல்ட்டுக்கு மேல குடுக்காதீங்க, ரெண்டு ஸ்பீக்கரோட மைனஸையும் ஒண்ணா சேக்காதீங்க, கிரவுண்டுலயும் மாட்டாதீங்க, அதுல ஸ்பீக்கரோட ரெண்டு முனையும் ஆம்ப் அவுட்புட்தான். 386ல ஒவ்வொரு பாகம் என்ன பண்ணுதுன்னு கழட்டி மாட்டி பாக்கலாம், கத்துக்கிறதுக்கு அதுக்கு ஈடு இல்ல.

கேள்வி: பாட்டிக்கு காது மந்தம். இதுலயே மைக் வச்சு ஹெட்ஃபோன்ல கேக்க வைக்கலாமா அண்ணா?

பதில்: வைக்கலாம்மா. கண்டென்சர் மைக் ஒண்ணு, அதுக்கு சப்ளைலேர்ந்து 10கே, மைக்லேர்ந்து 104 வழியா வால்யூம் கண்ட்ரோல், 1க்கும் 8க்கும் நடுவுல 10 மைக்ரோ, இங்கதான் அந்த 200 மடங்கு உதவும். ஆனா ஸ்பீக்கருக்கு பண்ண ஐசி இது, ஹெட்ஃபோன்ல நேரா விட்டா காத இன்னும் கெடுத்துடும், அதனால அவுட்புட்ல 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு கட்டாயம் சீரிஸா போடு. ஹெட்ஃபோன காதுல வச்சுட்டு ஆன் பண்ணாதீங்க, மொதல்ல வால்யூம முழுசா கொறச்சு, ஆன் பண்ணி, நீ கேட்டு பாத்துட்டு பாட்டிக்கு குடு. காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க, சில சமயம் வெறும் அழுக்கு அடச்சிருக்கும், எடுத்தாலே நல்லா கேக்கும்.