ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தும் அக்கி பரவியது ஏன்?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே வசிக்கிறோம். 64 வயதான என் தந்தைக்கு வலது விலாவில் அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி முதல் மூன்று நாட்கள் குயவர் ஒருவரிடம் அக்கி எழுதிக்கொண்டோம். ஆனாலும் கொப்புளங்கள் முதுகுப் பக்கம் பரவின. நான்காம் நாள் மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சின்னம்மை வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி நிறைய இருப்பதாக வந்தது. அப்படியிருந்தும் நோய் எப்படிப் பரவியது? அக்கி உடம்பைச் சுற்றித் தலையும் வாலும் கூடினால் உயிருக்கு ஆபத்து என்கிறார்களே, உண்மையா? ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை இப்போது வீட்டுக்கு வரலாமா?

பதில்: உங்கள் முதல் கேள்வியை நோயாளிகள் அதிகம் கேட்பதில்லை, ஆனால் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்தான் இருக்கிறது.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலிலிருந்து முதல் வயலுக்குள் பாய்ந்த தண்ணீர், மறுபடி வாய்க்காலுக்குத் திரும்பாமல், வரப்பில் வெட்டிய மடை வழியாக அடுத்த வயலுக்கும் அதற்கடுத்த வயலுக்கும் போகிறது. வாய்க்காலில் வலை கட்டினால் அதில் வரும் மீன் குஞ்சுகளைத் தடுக்கலாம். ஏற்கெனவே வயலுக்குள் புகுந்துவிட்ட குஞ்சு மடைக்கு மடை போவதை அந்த வலை என்ன செய்யும்? ஆன்டிபாடி என்பது அப்படியொரு வலை. ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் தனியாக மிதந்து வரும் வைரஸை அது பிடித்துக்கொள்ளும், செல்லுக்குள் நுழையாது.

சின்னம்மை வைரஸோ பெரும்பாலும் வெளியே வராமலே வேலையை முடித்துக்கொள்ளும் இனம். சிறு வயதில் சின்னம்மை வந்து போன பிறகு, தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். வயது கூடி எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து, நரம்பிழையின் உட்புறமாகவே இறங்கித் தோலை அடைகிறது; அதுதான் அக்கி. அங்கே தான் புகுந்த செல்லின் மேற்பரப்பில் தன்னுடைய புரதங்களைப் பதிக்க, அவை பக்கத்துச் செல்லின் சவ்வோடு இந்தச் செல்லின் சவ்வை ஒட்டி இணைத்துவிடுகின்றன; அந்த மடை வழியே வைரஸ் அடுத்த செல்லுக்குப் போகிறது. கொப்புளத்தின் அடியைச் சுரண்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே உறைக்குள் பல உட்கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பெரிய செல்கள் தெரியும். தட்டம்மை வைரஸும் இப்படிச் செல்களை ஒன்றாக்கும், எச்.ஐ.வி. வேறு முறையில், இரண்டு செல்கள் ஒட்டி நிற்கும் இடத்தின் வழியே தாவுகிறது.

ஆகவே உங்கள் தந்தையின் பரிசோதனை முடிவில் தவறில்லை. செல்லுக்குள் இருக்கும் பகையைக் கண்டுபிடித்து அந்தச் செல்லையே அழிப்பவை டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள். முதுமையில் தளர்வது அவைதான். பிறவியிலேயே ஆன்டிபாடி உருவாகாத குழந்தைகள்கூடச் சின்னம்மையிலிருந்து பெரும்பாலும் இயல்பாகத் தேறிவிடுகிறார்கள்; டி செல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கோ அதே நோய் உயிராபத்தாக முடியக்கூடும்.

அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகள் பயன்படுவதும் இதனால்தான். அவை வைரஸ் புகுந்த செல்லுக்குள் சென்று, வைரஸ் தன்னைப் படியெடுப்பதைத் தடுக்கின்றன. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. புதிய கொப்புளங்கள் வந்துகொண்டிருந்தால் அதற்குப் பிறகும் தருவோம். வழக்கமாக 7 நாட்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அக்கி எழுதுவதை நான் ஏளனம் செய்ய மாட்டேன், என் பாட்டிக்கும் எழுதியிருக்கிறார்கள். காவிமண் பூச்சு எரிச்சலுக்குக் குளிர்ச்சி தரலாம். ஆனால் மருந்து வேலை செய்யும் அந்த மூன்று நாட்களை அது தின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

தலையும் வாலும் கூடும் என்ற அச்சம் தேவையில்லை. ஒரு நரம்பு பரவியிருக்கும் பகுதிக்குள்தான் வைரஸ் இறங்குகிறது. அந்த நரம்பு உடலின் நடுக்கோட்டோடு முடிந்துவிடுவதால், அக்கி பெரும்பாலும் ஒரு பக்கத்திலேயே நிற்கும். முகத்தில், குறிப்பாக மூக்கு நுனியில் வந்தால்தான் அன்றே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். கொப்புளம் ஆறிய பின்னும் எரிச்சலும் குத்தலும் மாதக்கணக்கில் நீடித்தால், அதற்குத் தனி மருந்துகள் உண்டு. குணமான பிறகு, டி செல்களையும் தூண்டும் அக்கித் தடுப்பூசியை இரண்டு தவணையாக, 2 முதல் 6 மாத இடைவெளியில் போடலாம். 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, விலை அதிகம்தான்.

தங்கை விஷயத்தில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். தோலின் மேலடுக்குச் செல்களிலிருந்து வைரஸ் தனியாக வெளியேறுவதால், கொப்புள நீரில் அது மிதக்கிறது; சின்னம்மை வராதவரைத் தொற்றினால் அவருக்குச் சின்னம்மையாக வரும். தங்கைக்கு முன்பே சின்னம்மை வந்திருந்தால் தயங்காமல் வரலாம். நிச்சயமில்லை என்றால், சின்னம்மைக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா எனப் பார்க்கும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை செய்துகொள்ளட்டும்; எதிர்ப்பு இருப்பதாக முடிவு வரும் வரையிலோ, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரையிலோ வரவைத் தள்ளிப்போடலாம். ஏற்கெனவே வந்து தந்தைக்குப் பணிவிடை செய்திருந்தால், இன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். எதிர்ப்பு இல்லை எனத் தெரிந்தால், தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள் ஆன்டிபாடியையே ஊசியாகப் போட வழியுண்டு. அவருக்கு வைரஸ் வாய்க்கால் வழியாகத்தான் வர வேண்டும் என்பதால், அங்கே அந்த வலை பயன்படும்.