ஃப்ரீசரில் வெண்ணெய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மொத்தமாக வாங்கிய வெண்ணெயை ஃப்ரீசரில் வைத்தால் ருசி கெடுமா?

கெடாது, தாராளமாக வையுங்கள். வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்புதான், தண்ணீர் கொஞ்சம்தான், அதனால் தயிர் மாதிரி உறைந்து இளகியதும் திரிதிரியாகப் பிரிந்துவிடாது. மைனஸ் 18 டிகிரியில் உப்பில்லாதது 5, 6 மாதம், உப்பு போட்டது 9 மாதம் வரை நன்றாக இருக்கும்.

ஃப்ரீசரில் இருந்து எடுத்த வெண்ணெயில் வெங்காய வாடை அடிக்கிறதே?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் கொழுப்பு அதை இழுத்துக்கொள்ளும், ஃப்ரீசர் குளிரிலும் இது முழுசாக நிற்காது, அதனால் குளிரைவிடச் சுற்றி வைக்கும் விதத்தில்தான் நான் அதிகக் கவனம் வைப்பேன். கடையில் வந்த காகிதத்தைப் பிரிக்காமல் அதன்மேல் அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மேலே தேதி எழுதுங்கள். பெரிய கட்டி என்றால் முதலிலேயே ஒரு வாரத்துக்கு ஆகிற அளவில் வெட்டித் தனித்தனியாகச் சுற்றிவிடுங்கள்.

வெளிப்பக்கம் மட்டும் அடர் மஞ்சளாகிவிட்டது. சாப்பிடலாமா?

அந்த இடத்தில் காற்றுப் பட்டு ஈரம் காய்ந்திருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே இருப்பதைத் துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், காறல் இல்லை என்றால் சரி. பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் சீக்கிரமே புளித்துப்போகிறது, ஏன்?

உள்ளே மோர் தங்கியிருக்கிறது, அதுதான் காரணம். திரண்ட வெண்ணெயை ஐஸ் தண்ணீரில் போட்டுக் கையால் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். முதல் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வரும், அடுத்தது கலங்கலாக வரும், அதோடு நிறுத்திவிடாமல் தண்ணீர் தெளிவாகத் தெரியும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் ஒட்டியிருக்கும் நீரையும் நன்றாகப் பிழிந்துவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

அவசரத்துக்கு எப்படி இளக்குவது?

முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. மறந்துவிட்டால், கல் மாதிரி இருக்கும்போதே கேரட் துருவியில் துருவிவிடுங்கள், சில நிமிடத்தில் பதமாகிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம். ஓரம் உருகி ஓடும்போதும் நடுவில் கட்டியாகவே இருக்கும், ஒரு தடவை உருகிய வெண்ணெய் மறுபடி உறைந்தாலும் அந்தப் பழைய மென்மை வராது.

இளகியதைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாமா?

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகியது என்றால் வைக்கலாம், ருசி சற்றுக் குறையும். நாள் முழுக்க வெளியே கிடந்ததை வைக்காதீர்கள்.