கரு கலைந்த பிறகு மறுபடி எப்போது முயற்சி செய்யலாம்?

ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது, ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள் சிலர், அடுத்த மாதமே பார்க்கலாம் என்கிறார்கள் சிலர், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதல் கரு தங்கவில்லை. அடுத்துப் பிறந்தவள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். அதனால் படித்ததும் பட்டதும் கலந்துதான் இந்தப் பதில் இருக்கும்.

அந்த ஆறு மாதக் கணக்கு 2005-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் சொன்னது. அவர்கள் பெரிதும் நம்பிய லத்தீன் அமெரிக்க ஆய்வில், தானாகக் கலைந்த கருவையும் கலைத்த கருவையும் பிரித்தே பார்க்கவில்லை. 2010-இல் ஸ்காட்லாந்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். முதல் கரு கலைந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்களுக்கு, இன்னும் தள்ளிக் கருத்தரித்தவர்களைவிட மறுபடி கலைவது குறைவாகவே இருந்தது. சீக்கிரம் கருத்தரிப்பவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமானவர்களாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனாலும் பொறுக்காவிட்டால் ஆபத்து என்பதற்கு அங்கே ஆதாரம் இல்லை.

அப்படியானால் டாக்டர்கள் ஏன் "ஒரு பீரியட் வரட்டும்" என்கிறார்கள்? பெரும்பாலும் நாள் கணக்குக்காகத்தான். கலைந்து இரண்டே வாரத்தில்கூட கருமுட்டை வெளியாகலாம். மாதவிலக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இடையில் கரு நின்றுவிட்டால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று குழப்பம் வரும். இன்னொன்று, கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் இறங்கச் சில வாரம் பிடிக்கும். அதற்குள் கார்டு டெஸ்ட் செய்தால் பழைய கர்ப்பத்தின் மிச்சமே இரண்டு கோடாக வந்து நிற்கும். ஆசையோடு பார்ப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை! ரத்தப்போக்கு முழுசாக நிற்கும்வரை உறவு வேண்டாம் என்பது மட்டும் கண்டிப்பு, தொற்று வரலாம்.

சிலர் நிஜமாகவே பொறுக்க வேண்டும். முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு மட்டும் தாறுமாறாக வளர்வது) இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கூடாது. கருக்குழாயில் தங்கிய கருவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டிருந்தால் குறைந்தது மூன்று மாதம். இரண்டு மூன்று முறை கலைந்திருந்தால் முதலில் தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை ஸ்கேன், ரத்தம் உறையும் கோளாறைக் காட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை எல்லாம் பார்த்துவிடுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கருவைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

"பப்பாளி சாப்பிட்டாயா, ஸ்கூட்டர் ஓட்டினாயா" என்று விசாரணை நடந்திருக்கும். எங்கள் வீட்டில் பெரியம்மா நான் மாடிப்படி ஏறியதைக்கூட விடவில்லை. ஆரம்ப வாரங்களில் கலைவதில் பாதிக்குமேல் குரோமோசோம் கோளாறால்தான். கரு உருவாகும்போதே தீர்மானமாகிவிடுகிறது. படிக்கட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மறுபடி கரு நின்றால் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வரும். பாத்ரூம் போகும்போதெல்லாம் துணியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன், நடுராத்திரியிலும் லைட்டைப் போட்டு. குமட்டல் ஒருநாள் குறைந்தால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. முதல் தடவை ஸ்கேன் அறையில் ஸ்கேன் எடுத்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதனால் அடுத்த தடவை படுக்கும்போதே, "எதுவாக இருந்தாலும் உடனே சொல்லிவிடுங்கள் மேடம்" என்று கேட்டுக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள், தப்பே இல்லை.

பெட் ரெஸ்ட் கலைவதைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தால் பயம்தான் வளரும், நான் வேலைக்குப் போனேன். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மருந்து வேறு கதை: ஏற்கெனவே கலைந்தவர்களுக்கு இந்த முறையும் ஆரம்பத்தில் ரத்தம் பட்டால் அது உதவக்கூடும். ரத்தம் பட்டால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

ஆக, சிக்கல் எதுவும் இல்லாமல் ஒருமுறைதான் கலைந்தது என்றால், ஒரு மாதவிலக்கு வந்தபின் உங்களுக்கும் அவருக்கும் மனசு ஒத்துக்கொள்ளும் மாதம் எதுவோ அதில் ஆரம்பியுங்கள். நாலு மாதம் மனசு வரவில்லையா, அதுவும் சரி. போலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் இடையில் நிறுத்தாதீர்கள், முயற்சி செய்யும் காலத்திலேயே தினம் 400 மைக்ரோகிராம் தேவை. அப்புறம், வேலைக்குப் போகிறவர் என்றால், சட்டப்படி கரு கலைந்ததற்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றைக் கொடுத்துக் கேளுங்கள், ஆபீஸில் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.